றோட்டில் நின்று பார்க்க வேண்டிய நீலம்

கல்லின் மேல் ஒரு கிளிமீன் கிடந்தது. அச்சகத்தில் கல் என்றால், கோத்த எழுத்துகளைச் சட்டத்துக்குள் வைத்து இறுக்குகிற வழுவழுப்பான மேசைக்கல். அதில் ஒரு துளி தண்ணீர் பட்டாலே நான் துள்ளுவேன். அன்று காலையில் உள்ளே நுழைந்தபோது, பாதி கோத்திருந்த பள்ளிக்கூடச் சோதனைத்தாளுக்குப் பக்கத்தில், கீழே ஒரு பழைய பேப்பர்கூட விரிக்காமல், செதிலும் ஈரமுமாக அது கிடந்தது. அருகில் சம்மாட்டியார் நின்றார். முல்லைத்தீவுக் கரையிலிருந்து சைக்கிள் மிதித்து வந்த மூச்சு அவருக்கு இன்னும் அடங்கவில்லை. “கெதியா வாங்கோ தங்கச்சி, கெதியாப் பாருங்கோ, போய்க்கொண்டிருக்கு” என்றார். எது போகிறது என்று கேட்க நான் வாய் திறப்பதற்குள் அது போய்விட்டது. அதாவது, நிறம். புதுக்குடியிருப்பில் பார்த்தபோது அப்படியே இருந்ததாம், விசுவமடுவில் பார்த்தபோதும் கொஞ்சம் இருந்ததாம். செத்த மீன் தன் நிறத்தைத் தர்மபுரம் வரைக்கும் கொண்டுவராது என்பது மீனோடு பிறந்து மீனோடு வளர்ந்த மனிதருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வலையிலிருந்து எடுத்தபோது தன் வள்ளம் மாதிரியே இருந்ததாம், மனம் கேட்கவில்லையாம். எங்கள் கல்லில் கிடந்தது சாம்பல் நிறத்தில் ஒரு கறிமீன். நான் மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி கல்லைத் துடைக்கத் தொடங்கினேன்.

அந்த அச்சகம் என் அத்தானுடையது, அக்காவின் கணவருடையது. போரில் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் எழும்பி வந்த காலத்தில், மற்றவர்கள் பாயும் பானையும் கட்டிக்கொண்டு வர, அவர் அச்சு மிசினைத் துண்டு துண்டாகக் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு வந்தார். காலால் மிதித்து ஓட்டுகிற மிசின், ஆகவே மின்சாரமே இல்லாத வன்னியில் அது ஓடியது. தர்மபுரத்தில் றோட்டோரமாக ஓர் ஓலைக் கொட்டில் போட்டு அதற்குள் பூட்டினார். நான் எழுத்துக் கோத்தேன், மை கலந்தேன், ரோலர் கழுவினேன், வாடிக்கையாளரோடு சண்டையும் பிடித்தேன். அத்தானுக்குச் சண்டை வராது. யார் எதைக் கேட்டாலும் “ஓம், செய்து தரலாம்” என்பார். செய்வது நான். பொருளாதாரத் தடைக் காலம் அது. கறுப்பு மை ஓரளவு இருந்தது. நீலம் ஒரு தகரம். மஞ்சளும் வெள்ளையும் தகரத்தின் அடியில் வழித்தெடுக்கிற அளவு. சிவப்பை அம்மன் கோயில் திருவிழா நோட்டீசுக்கென்று அத்தான் எங்கேயோ ஒளித்து வைத்திருந்தார், பிறகு ஒளித்த இடத்தை அவரே மறந்துபோனார். இதுதான் எங்கள் முழு வானவில்.

இந்த இலட்சணத்தில் சம்மாட்டியார் வந்தார். கரையில் சொந்தமாக வள்ளமும் வலையும் வைத்து, ஆட்களைச் சேர்த்துத் தொழில் செய்கிறவரைச் சம்மாட்டியார் என்பார்கள். அவர் வந்தபோது அவரிடம் வள்ளமும் இல்லை, சேர்த்து வைத்திருந்த ஆட்களும் இல்லை. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது கரையில் ஒரு பலகைகூட மிஞ்சவில்லை. பிறகு யாரோ ஒருவரின் தெப்பத்தில் கூலிக்குப் போய் வந்தார். ஆனாலும் எல்லோரும் சம்மாட்டியார் என்றே கூப்பிட்டார்கள், அவரும் அதற்குத் திரும்பிப் பார்த்தார். நல்ல உயரம், இடுப்பில் உப்புக்காற்றில் வெளுத்த சாரம், அதிகம் பேசாத வாய். மனைவி காய்ச்சலில் செத்து ஒரு வருசம் ஆகப்போகிறது, ஆண்டுப் பூசைக்கு நினைவு அட்டை அடிக்க வேண்டும் என்றார். கத்தோலிக்கர் வீடுகளில் அது வழக்கம். ஒரு சிறிய அட்டை, பெயர், ஒரு செபம், சுற்றிவர ஒரு போர்டர். பூசைக்கு வந்தவர்கள் அதைச் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வார்கள். படம் போட முடியாது என்று முதலிலேயே சொன்னேன். படத்துக்கு உலோகத் தகட்டில் புளொக் செய்ய வேண்டும், புளொக் செய்யக் கொழும்புக்குப் போக வேண்டும், கொழும்புக்குப் பாதை எங்கே? அவர் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. “படம் இருந்தால்தானே தங்கச்சி போட” என்றார். இடம்பெயர்ந்த அலைச்சலில் அதுவும் போயிருந்தது.

அப்படியென்றால் கறுப்புப் போர்டர் போட்டு, கறுப்பில் பெயரை அடித்து, ஒரு காலையில் முடித்துக் கொடுத்துவிடலாம் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். அப்போதுதான் அவர் சொன்னார், “போர்டர் எங்கட வள்ளத்து நிறத்தில வரவேணும்.” அத்தான் வழக்கம்போல, “ஓம், செய்து தரலாம்” என்றார். “செத்த வீட்டு அட்டைக்குக் கறுப்புத்தானே ஐயா வழக்கம்” என்று நான் இழுத்தேன். “கறுப்பு வள்ளம் எங்கட கரையில இல்லை” என்றார். அதோடு கதை முடிந்தது.

அவர்களின் கரையில் ஒவ்வொரு வீட்டு வள்ளத்துக்கும் ஒரு நிறம். கடையில் வாங்குகிற பெயின்றை அப்படியே பூசமாட்டார்கள். இரண்டு மூன்றைச் சேர்த்துச் சிரட்டையால் அளந்து கலந்து, இது எங்கள் வீட்டு நிறம் என்று ஒன்றை வைத்துக்கொள்வார்கள். இன்னொரு வீட்டுக்காரர் கிட்டத்தட்ட அதே நிறத்தைப் பூசினால் வாய்த்தர்க்கம் வந்து, கடைசியில் பங்குச் சுவாமியார்தான் வந்து தீர்க்க வேண்டுமாம். விளையாட்டுக்கு இல்லை. விடியப்புறம் கடலுக்குப் போன வள்ளங்கள் திரும்புகிற நேரத்தில் பெண்கள் கரைக்கு வந்து நிற்பார்கள். முகம் தெரியாது, ஆள் தெரியாது, நிறம்தான் தெரியும். நிறத்தைக் கண்டால்தான் நெஞ்சில் தண்ணீர் வரும். “அவா வள்ளத்தைக் கண்டாப் பிறகுதான் அடுப்பில உலை வைப்பா. காணாமல் வைக்கமாட்டா. அது அவாவின்ர பழக்கம்” என்று செத்துப்போன மனைவியைப் பற்றிச் சொன்னார் சம்மாட்டியார். அந்த அட்டை அந்த நிறத்தில் இல்லாவிட்டால் அது தன் வீட்டிலிருந்து போன அட்டை என்று அவாவுக்கு எப்படித் தெரியும் என்பது அவருடைய கேள்வி. நான் எழுத்துக் கோக்கிறவள், குறித்துக்கொள்ளப் பென்சிலை எடுத்தேன்.

சரி, நிறத்தைச் சொல்லுங்கோ என்றேன். அங்கேதான் என் சீவன் போகத் தொடங்கியது. நீலமா என்றால் நீலம்தான், ஆனால் நீலம் இல்லை. பச்சையா என்றால் பச்சை கொஞ்சம் இருக்கு, ஆனால் பச்சை என்று சொல்லக்கூடாது. மாதாவின் சேலை நீலமா? அதைவிடச் சோகை. கடல் நிறமா என்று தெரியாத்தனமாக ஒருநாள் கேட்டுவிட்டேன். “எந்தக் கடல் தங்கச்சி? எந்த நேரத்துக் கடல்?” என்று திருப்பிக் கேட்டார். கடல் நிறத்தில் பூசினால் கடலில் வள்ளம் தெரியுமா, விசரோ உங்களுக்கு என்பதை வாயால் சொல்லாமல் கண்ணால் சொன்னார். கலவை தெரியுமா என்றேன். அது தெரியும் என்று சந்தோசமாகச் சொன்னார், எந்தப் பெயின்றில் எத்தனை சிரட்டை என்று. ஆனால் பெயின்ற் வேறு, அச்சு மை வேறு. பெயின்ற் பலகையை மூடும். மை தாளை மூடாது, தாளின் நிறமும் உள்ளே இருந்து எட்டிப் பார்க்கும். எங்களிடம் இருந்த அட்டையோ பழுப்பு. பழுப்பின் மேல் நீலத்தைப் போட்டால் வேறொன்று வரும். ஈரத்தில் ஒன்று, காய்ந்தால் இன்னொன்று. இவ்வளவையும் நான் விளங்கப்படுத்தினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரி, எங்கட வள்ளத்து நிறத்தில அடியுங்கோ” என்றார்.

கண்ணாடித் தட்டில் நீலத்தை வைத்து, மஞ்சளைக் கத்தி நுனியால் தொட்டு, வெள்ளையை வழித்துச் சேர்த்துக் குழைப்பேன். குழைத்ததை விரலில் தொட்டு ஒரு துண்டு அட்டையில் தட்டிக் காட்டுவேன். அச்சகங்களில் அப்படித்தான் நிறம் பார்ப்பது. மை வீணாகாது, மிசினைத் தொடவும் தேவையில்லை. சம்மாட்டியார் அதை ஏற்கவில்லை. “உது உங்கட விரல் அடையாளம். போர்டராக அடிச்சுக் காட்டுங்கோ” என்றார். போர்டராக அடிப்பதென்றால் மெல்லிய கோடுகளாலான போர்டரைச் சட்டத்தில் இறுக்கி, மிசினில் ஏற்றி, ரோலருக்கு மை போட வேண்டும். பார்த்து முடித்ததும் ரோலரைக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கறுப்பு வேலை நீலமாக வரும். கழுவ மண்ணெண்ணெய் வேண்டும். மண்ணெண்ணெய் அப்போது வீட்டில் விளக்கெரிக்கவே அளந்து கிடைத்த சாமான். என் அக்கா அச்சகத்துக்குப் போகிற மண்ணெண்ணெய்ப் போத்தலைப் பார்க்கிற பார்வையை நான் இப்போதும் மறக்கவில்லை. பிள்ளைகள் படிக்க விளக்கில்லாமல் இருக்க, நாங்கள் ஒரு வள்ளத்து நிறத்தைக் கழுவிக் கழுவி ஊற்றிக்கொண்டிருந்தோம்.

அடித்துக் காட்டினால், அட்டையை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, சரித்து, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், ஒரு தரம் விரலால் தடவியும் பார்ப்பார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பிறகு, “இது எங்கட வள்ளம் இல்லை, தங்கச்சி” என்பார். கோபமாகச் சொன்னாலாவது நானும் கோபப்படலாம். யாரோ இறந்த செய்தியைச் சொல்கிறமாதிரி மெதுவாகச் சொல்வார். சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார். அவ்வளவு தூரம். சில நாளில் திரும்பவும் வருவார், கையில் ஏதாவது மாதிரியோடு. கண்ணாடிப் போத்தல் துண்டு ஒன்று, பழைய நைலோன் கயிற்று நுனி, யாரோ வீட்டுச் சாரத்தின் கரை. “இது இல்லை, ஆனால் இதுக்குப் பக்கத்தில” என்பார். எந்தப் பக்கம் ஐயா என்று நான் கத்தினால், அத்தான் மிசினுக்குப் பின்னாலிருந்து, “பிள்ளை, கொஞ்சம் பொறு” என்பார். பொறுக்கிறதெல்லாம் நான், புண்ணியமெல்லாம் அவருக்கு.

கிளிமீன் கதைக்குப் பிறகாவது மனிதர் அடங்குவார் என்று நினைத்தேன். இல்லை, செத்த மீனில்தானே நிறம் போகிறது என்று உயிரோடு நண்டு கொண்டுவந்தார். களப்பு நண்டு, காலெல்லாம் நீலம். வாளிக்குள் ஈரச் சாக்குப் போட்டு, காலைக் கட்டி, அவ்வளவு தூரமும் கொண்டுவந்து கல்லின் மேல் வைத்தார். பார்க்க உண்மையிலேயே நல்ல நிறம். நானும் ஒரு நிமிசம் எரிச்சலை மறந்து குனிந்து பார்த்தேன். கட்டு எப்படி அவிழ்ந்ததோ தெரியாது, அது மேசையால் இறங்கி நேராக எழுத்துப் பெட்டிக்குள் விழுந்தது. ககரமும் தகரமும் பகரமும் தனித்தனி அறைகளில் கிடக்க வேண்டியவை, நண்டு அதற்குள் நடந்து திரிந்தது. நான் கத்தினேன். அத்தான் ஒரு தடியைத் தூக்கினார். “அடிச்சுப் போடாதையுங்கோ தம்பி, நிறம் மாறிப்போம்” என்று சம்மாட்டியார் குறுக்கே விழுந்தார். எழுத்துகளைப் பிரித்துப் பழையபடி போட எனக்கு அன்றைய பகல் முழுவதும் போனது. நண்டை அக்கா கறி வைத்தாள். சட்டியில் அது சிவந்துபோய்க் கிடந்ததைப் பார்த்துவிட்டு, “இனி இந்த நிறத்திலதான் போர்டர் வேணுமெண்டு கேக்கப் போறார்” என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாப்பிட்டேன், ருசியாகத்தான் இருந்தது.

பூசை நாள் கிட்ட வந்துவிட்டது. ஒருநாள் எனக்கு வாய் அடங்கவில்லை. “ஐயா, உங்கட வள்ளம் இப்ப இல்லை. அந்தப் பெயின்றும் இல்லை. நீங்கள் நினைக்கிற நிறம் உங்கட தலைக்குள்ள மட்டும்தான் கிடக்கு. அதுக்குள்ள கத்தியை விட்டு வழிச்செடுக்க எனக்குத் தெரியாது” என்றேன். அத்தான் முகம் செத்துவிட்டது. சம்மாட்டியார் கதிரையில் உட்கார்ந்தார். “அதுதான் தங்கச்சி பயம். தலைக்குள்ளயும் இப்ப அவ்வளவாத் தெரியேல்லை. இந்தப் பூசைக்கு வராட்டி, அடுத்த வருசம் எனக்கே தெரியாமல் போயிடும்” என்றார். அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த எரிச்சலில் ஒரு துளியும் குறையவில்லை. ஆனாலும் கண்ணாடித் தட்டைத் துடைத்து முன்னால் இழுத்து வைத்தேன்.

அன்று இன்னொருதரம் கலந்தேன். அதற்கு முதல் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கறுப்பில் ஒரு நோட்டீஸ் அடித்திருந்தோம். ரோலரை ஒழுங்காகக் கழுவ மண்ணெண்ணெய் போதவில்லை. போத்தலின் அடியில் இருந்ததைத் துணியில் நனைத்து ஒப்புக்குத் துடைத்தேன். மையில் வெள்ளை கொஞ்சம் கூடிவிட்டது. கூடியதைக் குறைக்க நீலம் போட எனக்கு மனம் வரவில்லை, தகரமும் முடிகிற நிலை. அடித்தால், வந்தது கறுப்புக் கலங்கிய ஓர் அழுக்கு நீலம். இதை இவருக்குக் காட்ட எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் கிட்டப் பிடித்துப் பார்த்தார், சரித்துப் பார்த்தார். “இது கிட்டவும் வரேல்லை” என்று எழும்பிப் போய்விட்டார். நான் கோபத்தில் அந்த அட்டையை, மற்ற அட்டைகள் காய்கிற கொடியில், வாசலுக்கு நேரே கொழுவிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுமுறை அவர் வந்தபோது உள்ளே வரவில்லை. றோட்டில் சைக்கிள் நின்ற சத்தம் கேட்டது, ஆனால் ஆளைக் காணவில்லை. எட்டிப் பார்த்தேன். றோட்டின் மறுகரையில், சைக்கிளைப் பிடித்தபடி, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு எங்கள் வாசலைப் பார்த்து நின்றார். “தங்கச்சி! அதைக் கழட்டிப் போடாதையுங்கோ!” என்று அங்கிருந்தே கத்தினார். எதை என்று எனக்கு விளங்கவில்லை. சைக்கிளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்தார், கொடியடியில் நின்று அட்டையைப் பார்த்தார், முகம் சுருங்கியது. “இல்லை” என்றார். திரும்பவும் றோட்டுக்குப் போனார். “இருக்கு!” என்றார். கிட்ட வந்தார், இல்லை. தூரப் போனார், இருக்கு. வெயிலில் இப்படி அவர் போவதும் வருவதுமாக இருக்க, தேத்தண்ணிக் கடையில் நின்றவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். எனக்குத் தலையைக் கொண்டுபோய் மிசினுக்குள் வைக்கலாம் போல இருந்தது. இவ்வளவு மண்ணெண்ணெய், இவ்வளவு மை, ஒரு மீன், ஒரு நண்டு எல்லாம் போய், கடைசியில் பிடித்தது நான் கழுவாத ரோலரின் அழுக்கா?

“ஐயா, இருந்து சொல்லுங்கோ” என்று கதிரையைக் காட்டினேன். உட்கார்ந்து சொன்னார். தன் வள்ளத்தை அவர் தினமும் பார்த்தவர்தான், ஆனால் உள்ளே இருந்து, அல்லது கரையில் இழுத்து வைத்திருக்கும்போது கிட்ட நின்று. அது கடலிலிருந்து வருவதைப் பார்ப்பது அவருடைய வேலை இல்லை, அதில் வருவதுதான் அவருடைய வேலை. ஒரே ஒருநாள், அவருக்குக் காய்ச்சல் வந்து தம்பியார் வள்ளத்தைக் கொண்டுபோன அன்று, மனைவியோடு கரையில் நின்றிருக்கிறார். “அந்தா, எங்கட வள்ளம் வருது எண்டு அவா சொன்னா. எனக்குத் தெரியேல்லை. நான் பூசின நிறம், எனக்குத் தெரியேல்லை. எங்கயடி எண்டு கேட்டனான். கையால காட்டினா. அப்பத்தான் பாத்தனான். கிட்டப் பாக்கிறமாதிரி இல்லை, மங்கலா, புகார் மூடினமாதிரி. அந்த நிறம்தான் இது.” சொல்லிவிட்டுக் கொடியைப் பார்த்தார். “நான் இவ்வளவு நாளும் என்ர கண்ணுக்குத் தெரிஞ்ச நிறத்தைத் தேடித் திரிஞ்சிருக்கிறன். அவாவின்ர கண்ணுக்குத் தெரிஞ்சது இதுதான்.”

அட்டைகள் அடிக்க வேண்டியிருந்தது. இப்போது என் முறை. தற்செயலாக வந்த அழுக்கைத் திரும்பவும் எப்படி வரவைப்பது? சுத்தமான நிறத்துக்கு அளவு உண்டு, அழுக்குக்கு என்ன அளவு? கறுப்பை ஊசி நுனியால் தொட்டுக் கலந்து பார்த்தேன், கறுத்துப்போனது. இன்னும் குறைத்தேன், தெரியவே இல்லை. ஒவ்வொன்றையும் கொடியில் கொழுவிவிட்டு, நானும் அத்தானும் அவரும் வரிசையாக றோட்டில் போய் நின்று பார்த்தோம். பொடிப்பிள்ளைகள் எங்களுக்குப் பின்னால் நின்று அவர்களும் பார்த்தார்கள். கடைசியில் வேறு வழியில்லாமல், சும்மா ஒரு கறுப்பு நோட்டீசை மிசினில் போட்டு ஓட்டி, ரோலரை அதேமாதிரி அரைகுறையாகத் துடைத்து, அதன்மேல் வெள்ளை கூடிய நீலத்தைப் போட்டேன். வந்தது. சுவரில் நிறக்கலவைகள் எழுதி வைக்கிற பலகையில், அந்த நிறத்துக்கு நேரே “கறுப்பு ஓடின ரோலர், அரைக் கழுவல்” என்று எழுதினேன். என் தொழிலில் இதைவிட வெட்கக்கேடான ஒரு வரியை நான் எழுதியதில்லை. போர்டரை நீலத்தில் ஓட்டி, காயவிட்டு, பெயரையும் செபத்தையும் கறுப்பில் ஓட்டினோம்.

அட்டைகளை எண்ணிக் கட்டிக் கொடுக்கும்போது எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நான் செய்த வேலையில் மிக அழுக்கான வேலை அது, அதில் எங்கள் அச்சகத்தின் பெயரும் கீழே கிடந்தது. “ஐயா, பூசைக்கு வாறவை இதைக் கையில வச்சுத்தான் பாப்பினம். செபப் புத்தகத்துக்குள்ள வைப்பினம். ஆர் றோட்டில நிண்டு பாக்கிறது? கிட்டப் பாத்தால் இது அழுக்கு நீலம். உங்கட ஆக்கள் என்ன இது எண்டு கேக்கப் போயினம்” என்றேன். அவர் ஓர் அட்டையை எடுத்து, கையை நீட்டி, எவ்வளவு தூரம் நீட்ட முடியுமோ அவ்வளவு தூரத்தில் பிடித்துப் பார்த்தார். “கேக்கட்டும். அவா தூரத்திலதானே தங்கச்சி நிக்கிறா” என்றார். அத்தான் மிசினுக்குப் பின்னால் போய், சட்டத்தை இறுக்குகிற, ஏற்கெனவே துடைத்து வைத்த சாவியை எடுத்துத் திரும்பவும் துடைத்தார்.

அந்தக் கல்லும் மிசினும் எழுத்துப் பெட்டிகளும் பிறகு வந்த இடப்பெயர்வுகளில் போய்விட்டன. சம்மாட்டியாரை நான் பிறகு காணவில்லை. முல்லைத்தீவுப் பக்கம் போகும்போதெல்லாம் விசாரிக்க நினைப்பேன். கேட்கப் பயம், கேட்காமல் வந்துவிடுவேன். இப்போது கிளிநொச்சியில் இருந்து கணினியில் பக்கம் செய்கிறேன். புதிதாக ஒரு நிறம் வேண்டுமென்றால் திரையில் ஒரு பெட்டி வரும். நாலு மைக்கும் நாலு எண் கேட்கும், ஒரு பெயர் கேட்கும். ஒருதரம் கொடுத்துவிட்டால் போதும், பிறகு பெயரைச் சொன்னால் எந்தப் பக்கத்திலும் அதே நிறம். மஞ்சள் இல்லை, நீலம் முடிந்தது என்ற கதையே இல்லை. நாலாவது எண் கறுப்புக்கு. அதைப் பார்த்த முதல்நாள் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. அழுக்குக்கும் ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், நான் அன்று மண்ணெண்ணெய்த் துணியோடு செத்தேன். அந்த நிறத்தையும் அதற்குள் போட்டு வைத்திருக்கிறேன். பெயர் கேட்டபோது “எங்கட வள்ளம்” என்று கொடுத்தேன். இதுவரை எந்த வேலைக்கும் அதைப் பாவிக்கவில்லை. கல்யாணக் கார்ட் அடிக்க வருகிறவர்கள் தொலைபேசியை என் மூக்கு வரைக்கும் கொண்டுவந்து, இதே நிறம்தான் வேணும் என்று நிற்பார்கள். அந்த நேரம் எனக்கு ஒரு கிளிமீன் ஞாபகம் வரும். தூரத்தில் வைத்துப் பாருங்கோ என்று சொன்னால் ஒருவருக்கும் விளங்காது.

அந்த அட்டைகளில் ஒன்று என்னிடம் இருக்கிறது. அடையாள அட்டை வைத்த பிளாஸ்ரிக் உறைக்குள் இருந்தபடியால் அது மட்டும் என்னோடு வந்து சேர்ந்தது. வேலை மேசையில் வைத்தால் கரைந்துபோன ஏதோ ஓர் அழுக்கு நீலம்தான். ஆகவே அறையின் மறுகோடியில், கதவுக்கு மேலே குத்தி வைத்திருக்கிறேன். பெயரை அங்கிருந்து வாசிக்க முடியாது, நிறம் மட்டும் தெரியும். சில நாட்களில் வேலை முடிந்து களைத்துப்போய் நிமிரும்போது கண் அதில் போய் நிற்கும். நான் ஒருநாளும் காணாத வள்ளம் அது, ஆனால் வருவது தெரிகிறது. உடனே எழும்பி, குசினிக்குப் போய், அடுப்பில் உலை வைப்பேன். இந்த மனிதர் எனக்கு இன்னும் வேலை வைக்கிறார்.